சாயம் என்றுதான் நினைத்தோம்

யாழினிக்கும் கிஷோருக்கும்,

நான் வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் நீங்கள் இருவரும் போளூரில் உங்கள் சித்தி வீட்டில் இருந்தீர்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மட்டும் உங்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நான் வீட்டுக்குத் திரும்பிய அன்று என் கைகளைப் பார்த்துவிட்டு கிஷோர் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். யாழினி அழவில்லை. கிட்டே வந்து ஒன்று கேட்டாள்.

"அந்த மாத்திரையாலதான் இப்படி ஆச்சுன்னு மாமா சொல்றாரு. அப்புறம் ஏன்பா அதையே திரும்ப சாப்புடறே?"

 அப்புறம் சொல்கிறேன் என்றேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். டாக்டர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். இதில் ஏதாவது தப்பாக இருந்தால் பிற்பாடு நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டு திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் என் இதயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குச் சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. மூட்டு வீக்கம் வடிந்துவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் காய்ச்சல் இதயத்துக்குள் இருக்கிற வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. வால்வு என்றால் கதவு மாதிரி. ரத்தம் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது திறக்கும். போன ரத்தம் திரும்பி வராமல் மூடிக்கொள்ளும். என்னுடையது சரியாகத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. கிஷோர் கைக்குழந்தையாக இருந்தபோது பத்து அடி நடந்தாலே எனக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு, செயற்கை வால்வு ஒன்றை வைத்தார்கள்.

அந்த வால்வு நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் ரத்தத்துக்கு அது தன் ஆள் இல்லை, வெளியாள். வெளியாள் மேல் ரத்தம் படிந்து கட்டியாக உறையப் பார்க்கும். உறைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும். அல்லது அந்தக் கட்டியில் ஒரு துணுக்குப் பிய்ந்து மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். அப்படி நடக்காமல் இருக்கத்தான் நான் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சின்ன மாத்திரை போடுகிறேன். ரத்தத்தைத் தண்ணீராக்குகிற மாத்திரை என்று நம் தெருவில் சொல்வார்கள். அது தண்ணீராக்குவதில்லை, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. அவ்வளவுதான்.

எவ்வளவு தாமதம் என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. ஐ.என்.ஆர். என்று பேர். மாத்திரை போடாத ஆளுக்கு அது ஒன்று என்று வரும். எனக்கு இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். குறைந்தால் வால்வில் கட்டி உறையும். கூடினால் எங்கிருந்து வேண்டுமானாலும் ரத்தம் கசியும். மாதா மாதம் பஜார் தெரு லேபில் நான் ரத்தம் கொடுத்துவிட்டு வருவது இதற்குத்தான். ஏழெட்டு வருஷமாக அந்த எண் ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருந்ததாலேயே எங்களுக்குப் பயம் விட்டுப்போனது.

நம் சாயப்பட்டறை உங்களுக்குத் தெரியும். விடிந்ததிலிருந்து கொதிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கழியில் மாட்டிய பட்டு நூலைத் திருப்பித் திருப்பி முக்கி எடுக்க வேண்டும். தரையெல்லாம் சாயத் தண்ணீர். அதனால் எங்களுக்குக் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வராத மழைக்காலமே கிடையாது. போன ஆவணியில் முகூர்த்தத்துக்காக வியாபாரி ஒருவர் கத்தரிப்பூ கலரில் நிறைய நூல் கொடுத்திருந்தார். மூன்று தொட்டியிலும் அதே நிறம். என் காலில் புண் பிளந்து நடக்க முடியாமல் ஆனது. செருப்பைக் காலில் மாட்டினாலே உயிர் போய் உயிர் வரும்.

உங்கள் மாமா பாஸ்கர், அம்மாவின் தம்பி, என்னோடு பட்டறையில் வேலை செய்கிறவன், அவனுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவனுக்கும் இதே புண் வந்து ஆறியிருந்தது. அவன் வாங்கிப் போட்ட அதே மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு ஒரு அட்டை வாங்கிக்கொண்டு வந்தான். வாரம் ஒன்று போட்டால் போதும் என்று கடைக்காரர் சொன்னாராம். "வாரம் ஒண்ணு எந்தக் காலத்துல ஆறும் மாமா, நான் தெனம் ஒண்ணு போட்டேன், ஜல்தியா காஞ்சிடுச்சு" என்றான். நானும் தினம் ஒன்று போட்டேன். புண் உண்மையிலேயே ஆற ஆரம்பித்தது. அவனை நான் பாராட்டினேன் என்பதையும் எழுத வேண்டும்.

அந்த வாரத்தில் என் முழங்கைக்குக் கீழே ஒரு திட்டு வந்தது. கத்தரிப்பூ நிறம். தொட்டியில் இருந்த அதே நிறம், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. சாயக்காரன் கையில் சாயம் இருப்பதை யார் கவனிப்பார்கள்? தொடையில் ஒன்று வந்தது. கழி இடித்த இடம், ஈர லுங்கி பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். பாஸ்கர் என் கையைப் பார்த்து, "பட்டுல பிடிச்சதைவிட உங்க மேலதான் மாமா கலர் நல்லா பிடிச்சிருக்குது, வியாபாரிகிட்ட உங்களையே குடுத்துடலாம்" என்று சொன்னான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கிஷோர், நீயும் அங்கே இருந்தாய். நீயும் சிரித்தாய்.

பல் தேய்க்கும்போது நுரை சிவப்பாக வந்தது. புது பிரஷ், முடி கடினமாக இருக்கிறது என்று நினைத்தேன். பட்டறைக் கழிவறையில் எப்போதும் ஏதாவது ஒரு நிறத் தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் அங்கே போன வரைக்கும் சிறுநீரின் நிறம் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். முதுகு தேய்த்துக்கொண்டே வந்தவள் இடுப்பில் கையை நிறுத்தினாள்.

"ஏங்க, இங்க எப்படிங்க சாயம் பட்டுச்சு? லுங்கி கட்டற எடம்."

தெரியவில்லை என்றேன். எவ்வளவு பெரியது என்று கேட்டேன். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும் என்றாள். எண்ணெய்க்குப் போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை. எழுந்து போய் ஹைட்ரோஸ் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். சாயம் தப்பிப் பிடித்த பட்டை மறுபடி வெளுக்க வைக்கிற வெள்ளைத் தூள் அது. கையில் ஏறிய நிறத்தையும் நாம் அதில்தான் துடைத்து எடுப்போம். எந்த நிறமாக இருந்தாலும் அது பட்டதும் மங்க ஆரம்பிக்க வேண்டும். அம்மா துணியில் தொட்டு வைத்தாள். காத்திருந்தாள். மறுபடி வைத்தாள். பிறகு விரலால் அழுத்திப் பார்த்தாள். எனக்குச் சுரீரென்று வலித்தது.

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டாள். "இது சாயம் இல்லீங்க" என்றாள்.

அதற்கு அப்புறம்தான் நான் வீட்டுக் கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் அரக்கு நிறம். நான் ஆயுசுக்கும் பார்த்துப் பழகிய நிறம்தான், ஆனால் என் உடம்பிலிருந்து வந்து பார்த்ததில்லை.  சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆரணியில் நாங்கள் எப்போதும் பார்க்கிற டாக்டர் என் கையையும் இடுப்பையும் பார்த்துவிட்டு உடனே ஐ.என்.ஆர். எடுக்கச் சொன்னார். லேபில் எண் வரவில்லை. மிஷின் அளக்கிற அளவைத் தாண்டிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, தலைவலி இருக்கிறதா என்று கேட்டார். காலையிலிருந்து லேசாக இருக்கிறது என்றேன். அவர் உடனே வேலூருக்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டு, "ஸ்ட்ரெச்சர்லயே போங்க, நடக்காதீங்க, எங்கயும் இடிச்சுக்காதீங்க" என்றார். உங்கள் சித்தப்பா வந்து உங்களைப் போளூருக்குக் கூட்டிக்கொண்டு போனது அன்று சாயங்காலம்தான்.

வேலூரில் முதலில் என்னைத் தலை ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று பிற்பாடு சொன்னார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, அவளிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் அவள் உட்காரவில்லையாம். உட்கார்ந்தால் கெட்ட சேதி வந்துவிடும் என்று தோன்றியதாம். நின்றுகொண்டே இருந்தாளாம். தலையில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் அழுதாள் என்று பாஸ்கர் சொன்னான்.

எனக்கு வைத்தியம் பார்த்தது ஒரு டாக்டரம்மா. சின்ன வயதுதான். என்னிடம் நிதானமாகப் பேசினார். மாத்திரையின் வேகத்தை முறிக்க வைட்டமின் கே என்று ஒரு மருந்து இருக்கிறதாம். கீரையில் இருக்கிற சத்துதான். அப்படியானால் உடனே நிறையக் கொடுத்து நிறுத்துங்களேன் என்று அம்மா கேட்டாள். அதற்கு அவர், "நிறையக் குடுத்தா ரத்தக்கசிவு நிக்கும்மா. ஆனா அந்த வேகத்துல வால்வுல கட்டி உறைஞ்சிடலாம். அப்புறம் அதை எடுக்கறது இதைவிடக் கஷ்டம். கொஞ்சமா குடுத்து, பார்த்து, மறுபடி கொஞ்சமா குடுக்கணும்" என்றார்.

அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பட்டுத் தொட்டியில் ஆசிட்டை மொத்தமாக ஊற்றினால் நூல் ஒரே இடத்தில் சாயத்தைக் குடித்துத் திட்டுத் திட்டாகப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும், நடுநடுவே நூலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் தொட்டியில் தப்பினால் ஹைட்ரோஸ் போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இங்கே அப்படி ஒன்று கிடையாது என்பதும் எனக்குப் புரிந்தது. அன்றுதான் நான் செத்துப்போகவும் கூடும் என்று எனக்கே தோன்றியது. 

பிளாஸ்மா என்று இளமஞ்சளாக ஒரு திரவத்தைப் பையில் தொங்கவிட்டு ஏற்றினார்கள். அது ரத்தத்திலிருந்து சிவப்பைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது, உறைய வைக்கிற சத்து அதில் இருக்கிறது. எனக்கு ஏற்றியதற்கு ஈடாக பாஸ்கர் ரத்தம் கொடுத்தான். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன்.

இதெல்லாம் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு பகல் முழுக்க ஆயிற்று. மாத்திரை அளவை மாற்றினீர்களா என்று கேட்டார்கள், இல்லை. மறதியாக இரண்டு முறை போட்டீர்களா, இல்லை. வலி மாத்திரை, நாட்டு மருந்து, குடி, ஒன்றும் இல்லை. புதிதாக வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டபோதும் இல்லை என்றுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. சேற்றுப்புண்ணை நான் ஒரு நோயாகவே நினைத்ததில்லை. சாயக்காரனுக்குப் புண் என்பது கையில் இருக்கிற கறை மாதிரி. அதற்குப் போட்டதை மாத்திரைக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டரம்மா போர்வையை விலக்கி என் உடம்பு முழுவதையும் பார்த்துக்கொண்டு வந்தார். காலுக்கு வந்ததும் விரல்களைப் பிரித்துப் பார்த்து, "இங்க புண் இருந்து ஆறியிருக்கே, இதுக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா பாஸ்கரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அப்போதே பஸ் ஏறி ஆரணிக்கு வந்து, மீதி அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

அட்டையைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அது பூஞ்சையைக் கொல்கிற மாத்திரை. நல்ல மாத்திரைதான், பாஸ்கருக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. ஆனால் நான் போடுகிற மாத்திரையை ஈரல்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே தள்ளுகிறது. இந்தப் பூஞ்சை மாத்திரை அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. என் வால்வு மாத்திரையை நான் எப்போதும் போல தினம் ஒன்றுதான் போட்டேன், ஆனால் பழையது வெளியே போகாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு மாத்திரை போடுகிறவன் உடம்பில் நாலு ஆள் மாத்திரை இருந்திருக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பாஸ்கர் வார்டை விட்டுப் போய்விட்டான். சாப்பிட வரவில்லை. அம்மா போய்ப் பார்த்தபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தானாம். கூப்பிட்டும் வரவில்லை. அம்மாவும் அன்று அவனிடம் கோபமாகத்தான் பேசினாள், அதை நான் மறைக்கவில்லை. சாயங்காலம் தானாகவே வந்து என் கால்மாட்டில் நின்றான்.

"நான் குடுத்ததுதான் மாமா" என்றான்.

"என் காலுக்குத்தான்டா குடுத்தே. கால் ஆறிடுச்சு பாரு" என்றேன்.

அவன் என் காலைப் பார்த்தான். பிறகு போர்வையை இழுத்து மூடிவிட்டான். அவனை நீங்கள் ஒருநாளும் இதைச் சொல்லிக் காட்டக்கூடாது. விளையாட்டுக்குக்கூடச் சொல்லக்கூடாது.

ஆஸ்பத்திரி நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டால், காத்திருப்பதுதான் பெரிய வேலை. காலையில் ரத்தம் எடுப்பார்கள், எண் வருகிற வரைக்கும் அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊசி குத்திய இடத்தைப் பஞ்சு வைத்து சிஸ்டர் வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார், அப்படியும் அந்த இடம் கறுத்துப்போகும். பல் தேய்க்க பிரஷ் கொடுக்கவில்லை, வாய் கொப்பளிக்க மட்டும் சொன்னார்கள். சவரம் கூடாது. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பியைத் தூக்கிவிட்டார்கள், அதன் மேல் அம்மா என் போர்வையையும் தன் பழைய புடவையையும் சுற்றிக் கட்டினாள், நான் தூக்கத்தில் புரண்டு இடித்துக்கொள்ளக்கூடாது என்று. உங்கள் சித்தப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் போளூரிலிருந்து கஞ்சி கொண்டுவந்தார். ஆறிப்போயிருக்கும், ஆனாலும் அதைத்தான் குடித்தேன். முகூர்த்தத்துக்கு நூல் கொடுத்திருந்த வியாபாரி கோபித்துக்கொள்வார் என்று பயந்திருந்தேன். அவர் பாஸ்கரிடம், "கலர் எங்கயும் ஓடிப்போயிடாது, ஆளைப் பாரு" என்று சொல்லி அனுப்பினாராம். செலவுக்கு அரசுக் காப்பீட்டு அட்டை கொஞ்சம் தாங்கியது, மிச்சத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது. அதை மீட்க வேண்டியது என் பொறுப்பு, நீங்கள் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

பக்கத்துக் கட்டிலில் தேவிகாபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைக்கிறவர். அவருக்கு வலது கையும் வாயின் ஒரு பக்கமும் வரவில்லை. பேச முயன்றால் சத்தம் மட்டும் வரும், வார்த்தை வராது. அவர் மனைவி சோற்றைக் குழைத்து ஊட்டுவார், பாதி வழிந்துவிடும், துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவார். எதனால் இப்படி ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. 

ரத்தக்கசிவு நின்றது. சிறுநீர் முதலில் அரக்கிலிருந்து ரோஸுக்கு வந்து, பிறகு சாதாரணமாகிவிட்டது. எண் இறங்கிக்கொண்டே வந்து, இரண்டரைக்கும் கீழே போனது. அன்று ராத்திரி சிஸ்டர் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரை கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். பழைய மாத்திரைதான். அதே நிறம், அதே அளவு. இன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. என் கை தோள்பட்டை வரைக்கும் நிறம் நிறமாக இருந்தது, இடுப்பில் இன்னும் தட்டு அளவு திட்டு இருந்தது. இவ்வளவையும் செய்தது என் உள்ளங்கையில் இருந்தது. யாழினி, நீ கேட்ட கேள்வியைத்தான் அன்று நானும் கேட்டுக்கொண்டேன்.

அம்மா மாத்திரையை என் கையிலிருந்து எடுத்துவிட்டாள். "வேணாம் சிஸ்டர். நாங்க கீரை சாப்புட்டுக்கறோம், பத்தியமா இருந்துக்கறோம். இது வேணாம்" என்றாள். சிஸ்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அம்மா கையை மூடிக்கொண்டாள். டாக்டரம்மாவைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போய்விட்டார்.

அப்போது பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எங்களிடம் அவர் பேசியது அது ஒருமுறைதான்.

"எங்க வூட்டுக்காரருக்கும் இதே மாத்திரைதான் தங்கச்சி. பல்லு ஈறுல ரத்தம் வந்துகினு இருந்துச்சு. பயந்துபோயி நான்தான் நிறுத்திடலாம்னு சொன்னேன்."

சொல்லிவிட்டுக் கணவரின் வாயைத் துடைத்துவிட்டார்.

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.  பிறகு கையைத் திறந்து மாத்திரையை என் நாக்கில் வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். நான் விழுங்குகிற வரைக்கும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா வந்தபோது, "குடுத்துட்டேன்மா" என்று மட்டும் சொன்னாள்.

யாழினி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அந்த மாத்திரை கூடிப்போனால் நான் ஆகிற கோலத்தை நீ என் கையில் பார்த்தாய். அது இல்லாவிட்டால் ஆகிற கோலத்தை நான் பக்கத்துக் கட்டிலில் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, நான் இருக்க வேண்டியது அங்கேதான். அது பயப்பட வேண்டிய இடம் இல்லை, பார்த்துக்கொள்ள வேண்டிய இடம். தொட்டிச் சூட்டை நாம் பார்த்துக்கொள்வது மாதிரிதான்.

வீட்டுக்கு வந்த பிறகு எப்படியெல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்பது உங்களுக்குக் கொஞ்சம் தெரியும், தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்கிறோம், எண் நிலைத்ததும் பழையபடி மாதம் ஒருமுறை. கீரையை விட்டுவிடக்கூடாது, ஒரே நாளில் அள்ளிப் போட்டுக்கொள்ளவும் கூடாது, எப்போதும் சாப்பிடுகிற அளவே சாப்பிட வேண்டும். அம்மா பத்தியம் என்று சொன்னது தப்பு என்று டாக்டரம்மாவே அவளுக்கு விளக்கினார். தலைவலி, காய்ச்சல், சளி, புண், எதுவாக இருந்தாலும் கடையில் கேட்டு மாத்திரை வாங்குவது கிடையாது. மேலே பூசுகிற களிம்பாக இருந்தாலும் டாக்டரைக் கேட்டுத்தான். ஒருநாள் மாத்திரை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. சதையில் ஊசி போட்டுக்கொள்ளக்கூடாது. ஈறில் ரத்தம், கறுத்த மலம், சிவந்த சிறுநீர், விடாத தலைவலி, இடிக்காமலே வருகிற திட்டு, இதில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது.

பட்டறையில் எனக்கு பாஸ்கர் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறான். தொட்டிக்குப் பக்கத்தில் என்னை விடுவதே இல்லை. நிறம் சேர்க்கிறது, அளவு பார்க்கிறது மட்டும்தான் எனக்கு. காலில் தண்ணீர் படுவது நின்றதும் புண்ணும் நின்றுவிட்டது. கையிலும் இடுப்பிலும் இருந்த திட்டுகள் கத்தரிப்பூவிலிருந்து கரும்பச்சையாகி, பிறகு கிளிப்பச்சையாகி, கடைசியில் மாம்பழ மஞ்சளாகிப் போய்விட்டன. ஒரு தொட்டியில் இத்தனை நிறம் எடுக்க முடியாது என்று பாஸ்கர் சொன்னான். அவன் மறுபடி கேலி பேச ஆரம்பித்தது அன்றுதான்.

இன்னொன்று எழுதிவிட்டு முடிக்கிறேன். போன வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் தாங்க முடியாத வலி. அம்மாவுக்கு அன்று வேலை இருந்தது, அதனால் யாழினியைக் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். கும்பல் அதிகம். எனக்கும் வலியில் எதுவும் ஓடவில்லை. நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சை வைத்துவிட்டு, சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு இரண்டும் கிடையாது, இல்லை என்று தலையை ஆட்டினேன். பல்லை எடுத்துவிடலாம் என்று சொல்லி மரத்துப்போகிற ஊசியை டாக்டர் கையில் எடுத்துவிட்டார்.

கதவோரம் நின்றிருந்த யாழினி உள்ளே வந்தாள்.

"டாக்டர், எங்கப்பாவுக்கு இதயத்துல செயற்கை வால்வு வெச்சிருக்குது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடறாரு. போன வாரம் ஐ.என்.ஆர். மூணு. வலி மாத்திரை எழுதறதா இருந்தா வேலூர்ல கேட்டுட்டு எழுதுங்க."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். நல்லவேளை சொன்னாய் என்று அவளிடம் சொல்லிவிட்டு, வேலூருக்குப் போன் போட்டுப் பேசினார். இந்த மாத்திரையை நிறுத்தக்கூடாது, ஆனால் பல் எடுப்பதற்கு முதல் நாள் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், வால்வில் கிருமி ஏறாமல் இருக்க முன்கூட்டியே ஒரு மருந்து கொடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் தையல் போட வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். வருகிற வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறது.

யாழினி, நீ பேசி முடித்த பிறகும் கதவோரம் திரும்பிப் போகாமல் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றதை நான் பார்த்தேன். உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அப்போது என் வாய் நிறையப் பஞ்சு. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது வாய் காலியாகத்தான் இருந்தது, அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.